கழற்றி மாட்டுகிற போன் ஏன் நிலைக்கவில்லை?

"டெஸ்க்டாப்பில் ரேம் போதவில்லை என்றால் ரேமை மட்டும் மாற்றுகிறோம். போனில் கேமரா பழசாகிவிட்டால் முழுப் போனையும் மாற்ற வேண்டியிருக்கிறது. பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் போன் வரப்போகிறது என்று பத்து வருடத்துக்கு முன்பே பேசினார்களே, அது என்ன ஆயிற்று? கம்பெனிகள் வேண்டுமென்றே அமுக்கிவிட்டனவா?" இதுதான் கேள்வி.

அமுக்கவில்லை. செய்து பார்த்தார்கள். கூகுள் மூன்று வருடம் முயன்றது. எல்ஜி தன் பெரிய போனையே அதற்காகப் பணயம் வைத்தது. மோட்டோரோலா 2016 முதல் 2019 வரை வருடம் தவறாமல் ஒரு மாடலாவது கொண்டுவந்தது. கூகுளுடையது கடைக்கே வரவில்லை, மற்ற இரண்டும் வந்து போயின. என் பதிலைச் சுருக்கமாகக் கேட்டால் இவ்வளவுதான்: நீங்கள் எதை மாற்ற ஆசைப்படுகிறீர்களோ அதைப் போனில் தனியாகப் பிரிக்க முடியாது. எதைப் பிரிக்க முடியுமோ அதைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. விரிவாகச் சொல்கிறேன்.

பல வருடம் போர்டு சர்வீஸ் பார்த்தவன் என்பதால் மேசையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு நல்ல போனின் மதர்போர்டை எடுத்து, மேலே மூடியிருக்கும் தகட்டை நீக்கி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வையுங்கள். நடுவில் பெரிதாக ஒரு ஐசி தெரியும். அதன் முதுகில் சாம்சங், மைக்ரான், ஹைனிக்ஸ் என்று ஏதாவது ஒரு மெமரி கம்பெனியின் பெயர் இருக்கும். வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் அநேகமாக எல்லாரும் அந்த இடத்தில், "அண்ணே, ப்ராசசர் எங்கண்ணே?" என்று கேட்பார்கள். ஹாட் ஏர் காட்டி, ஈயம் இளகும் நேரம் பார்த்து அந்த மெமரியை மெல்லத் தூக்கினால் அதற்கு அடியில் ப்ராசசர் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் தலையில் ஒன்று. நடுவே கடுகைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுகள். அதில் ஒன்று ஒட்டாமல் போனாலும் போன் டெட். திரும்ப ஒட்டுவதற்கு ரீபால் பண்ணி, அதாவது குண்டுகளைப் புதிதாகப் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்க வேண்டும். ரேம் மாற்றுவது என்றால் போனில் அதுதான் அர்த்தம்.

இடத்தை மிச்சம் பிடிக்க மட்டும் அப்படி அடுக்கவில்லை. இன்றைய எல்பிடிடிஆர்5 ரகத்து மெமரி ஒரு பின்னில் நொடிக்கு 640 கோடி பிட் வரை அனுப்பும். ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரத்தில் சமிக்ஞை செம்புத் தடத்தில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் நகர முடியும். அவ்வளவு அவசரத்தில் நடக்கிற பேச்சுக்கு நடுவே ஒரு சாக்கெட்டையோ பின்னையோ வைத்தால் சமிக்ஞை அங்கே கொஞ்சம் எதிரொலிக்கும், கொஞ்சம் தேயும். அதை ஈடுகட்ட வோல்டேஜைக் கூட்ட வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலாவது பேட்டரியைத் தின்னும், இரண்டாவது புதுப் போனைப் பழைய போனாக்கிவிடும். ப்ராசசர் என்று நாம் சொல்லுகிற அந்த ஒரு சில்லுக்குள் கிராஃபிக்ஸ், டவரோடு பேசுகிற மோடம், கேமரா படத்தைச் சமைக்கிற பகுதி என்று எல்லாமே கூடியிருப்பது வேறு விஷயம். 4ஜி போனை 5ஜி ஆக்க வேண்டுமென்றால் மாற்ற வேண்டியது அந்தச் சில்லைத்தான்.

டெஸ்க்டாப்புக்கு மட்டும் எப்படி முடிந்தது? 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோதே உள்ளே கார்டு சொருகும் ஸ்லாட்டுகள் இருந்தன. அதன் அளவுகளையும் விவரங்களையும் ஐபிஎம் வெளியே சொல்லிவிட்டதால் யார் வேண்டுமானாலும் கார்டு செய்தார்கள். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வகுத்தபின் போர்டு ஒருவனிடம், கேபினெட் வேறொருவனிடம் வாங்கினாலும் ஸ்குரூ ஓட்டை பொருந்தியது. சென்னை ரிச்சி தெருவில் அலைந்து ஒவ்வொன்றாக வாங்கி வந்து வீட்டில் பூட்டியவர்களுக்கு அந்தக் கேபினெட்டுக்குள் எவ்வளவு காலி இடம் என்று தெரியும். முக்கால்வாசி காற்றுதான். மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. எடையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, கீழே விழப்போவதும் இல்லை. இத்தனை வசதி இருந்தும் ப்ராசசர் தலைமுறை மாறும்போது பெரும்பாலும் போர்டையும் ரேமையும் சேர்த்துத்தான் மாற்றினோம். கடைசியில் மிஞ்சியது கேபினெட்டும் டிவிடி டிரைவும்தான். அதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

போனில் அந்தக் காற்று கிடையாது. இதற்கு டிபன் கேரியரை நினைத்துப் பாருங்கள். சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் ஒரு அடி, ஒரு சுற்றுச் சுவர், ஒரு மூடி. நாலு அடுக்காக்கினால் நாலு அடி, நாலு சுவர், போதாததற்கு வெளியே ஒரு பிடி, ஒரு கொக்கி. சாப்பாடு அதே அளவுதான், சுமக்கிற ஸ்டீல் கூடிவிட்டது. மாடுலர் போனிலும் (பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் போனுக்கு அதுதான் பெயர்) ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உறை, தனி இணைப்பான், "நான் இன்ன பாகம்" என்று போனிடம் அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு, தனி மின்சீராக்கி என்று தேவைப்படும். ஏழெட்டு மில்லிமீட்டர் கனமுள்ள பொருளில் மேலே அரை, கீழே அரை, நடுச்சட்டத்துக்கு ஒன்று என்று மில்லிமீட்டர்களைக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அந்த இடம் யாரிடமிருந்து பறிக்கப்படும் என்றால், எப்போதும் பேட்டரியிடமிருந்துதான். கூகுள் குழுவே இந்தக் கூடுதல் சுமையை, போர்டு பரப்பு, எடை, மின்செலவு ஆகியவற்றில் சுமார் 25 சதவீதத்துக்குள் நிறுத்துவதை இலக்காக வைத்திருந்தது. இலக்கே அது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூகுள் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நேர்மையாகத் தோற்ற முயற்சி அதுதான். 2013 செப்டம்பரில் டேவ் ஹாக்கன்ஸ் என்ற நெதர்லாந்து வடிவமைப்பாளர் ஃபோன்பிளாக்ஸ் என்று ஒரு வீடியோ போட்டார். ஒரு பலகை, அதில் துளைகள், அதன் மேல் குழந்தைகளின் பொம்மைக் கட்டைபோல கேமரா, பேட்டரி, ப்ராசசர் என்று செருகிக்கொண்டே போகலாம். லட்சக்கணக்கானோர் ஆகா என்றார்கள். அதே வருடம் அக்டோபர் கடைசியில் மோட்டோரோலா, தாங்களும் ஏற்கெனவே இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லி புராஜெக்ட் ஆராவை அறிவித்தது. மோட்டோரோலா அப்போது கூகுள் வசம் இருந்தது. 2014இல் அதை லெனோவோவுக்கு விற்றபோதும் இந்த ஆராய்ச்சிக் குழுவை மட்டும் கூகுள் தன்னிடமே வைத்துக்கொண்டது. குழுத் தலைவர் பால் எரமென்கோ, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவிலிருந்து வந்தவர். அடிப்படை போனை 50 டாலர் தயாரிப்புச் செலவில் முடித்துவிட வேண்டும், அதன்மேல் அவரவர் வசதிக்கு ஏற்றபடி பாகம் வாங்கி மாட்டிக்கொள்ளட்டும் என்பது திட்டம்.

எனக்கு ஆராவில் மிகவும் பிடித்தது அதன் காந்தப் பூட்டு. செருகின பாகம் பாக்கெட்டில் கழன்று விழக்கூடாது, ஆனால் வேண்டும்போது லேசாகக் கழல வேண்டும். ஸ்குரூ போட்டால் பொதுமக்கள் கழற்ற மாட்டார்கள், கிளிப் போட்டால் தேயும். சாதாரண மின்காந்தம் வைத்தால் பிடித்திருக்கிற நேரமெல்லாம் கரன்ட் குடிக்கும். அவர்கள் செய்தது என்னவென்றால், இரண்டு வகைக் காந்தத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று முரட்டுக் காந்தம், திசை மாறாது. மற்றதைச் சுற்றிக் கம்பிச் சுருள். ஒரு கணம் கரன்ட் பாய்ச்சினால் அதன் திசை புரண்டுவிடும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பாகத்தைக் கவ்வும், எதிரெதிராக இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுகொண்டு வெளியே இழுப்பே இருக்காது. மாறும்போது மட்டும்தான் செலவு, பிடித்துக்கொண்டிருக்கச் செலவே இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக இந்த மாதிரிக் காந்த இணைப்புகளை ஆராய்ந்த பொறியாளரின் முதல் பெயர்தான் ஆரா. திட்டத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கடைசியில் அந்தக் காந்தத்தையே கைவிட்டார்கள் என்பது வேறு கதை.

2015இல் பியூர்ட்டோ ரிக்கோவில் வேன்களில் வைத்து விற்றுப் பார்ப்பதாக அறிவிப்பு வந்தது. நடக்கவில்லை. 2016 மே மாதம் கூகுளின் ஐ/ஓ மாநாட்டில் ஆரா திரும்ப வந்தபோது ஆளே மாறியிருந்தது. ப்ராசசர், திரை, பேட்டரி, ஆன்டெனா எல்லாம் சட்டத்தோடு (ஃப்ரேம்) நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டன. முதுகில் ஆறு ஸ்லாட்டுகள் மட்டும், அவற்றில் கேமராவோ ஸ்பீக்கரோ மாட்டிக்கொள்ளலாம். அடிப்படை பாகங்களைப் பிரித்து மாட்ட மக்கள் விரும்பவில்லை, அவை இருக்க வேண்டும், ஒழுங்காக ஓட வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள் என்று குழு விளக்கம் சொன்னது. பாதி உண்மை என்று நினைக்கிறேன். மற்ற பாதி, மேலே சொன்ன இரண்டு சென்டிமீட்டர் கணக்கு. அந்த வருடம் செப்டம்பரில் திட்டத்துக்கு மூடுவிழா. அதற்காக எழுதிய கிரேபஸ் என்ற மென்பொருள் அடுக்கு மட்டும் ஆண்ட்ராய்டுக்கும் அடித்தளமான லினக்ஸ் கெர்னலுக்குள் போய்ச் சேர்ந்தது.

கூகுளுக்கு முன்னால் இஸ்ரேலில் மோடு என்று ஒரு கம்பெனி 2008இலேயே இதைத் தொட்டது. 40 கிராம் எடையுள்ள குட்டி போன், அதைச் செருகிக்கொள்ள விதவிதமான உறைகள். கின்னஸில் உலகின் மிக லேசான போன் என்று பெயர் வாங்கியது. சில வருடங்களில் மூடினார்கள். அதன் காப்புரிமைகளை 2011இல் வாங்கியதும் கூகுள்தான்.

எல்ஜி ஜி5 (2016) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனின் கீழ்த் தாடையைப் பேட்டரியோடு சேர்த்து உருவி, அந்த இடத்தில் கேமரா பிடி அல்லது ஹை-ஃபை ஆடியோ பாகத்தைச் செருக வேண்டும். உருவும்போது பேட்டரியும் வந்துவிடுவதால் போன் அணைந்துவிடும். யோசித்துப் பாருங்கள், பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கிறது, நீங்கள் போனை அணைத்து, தாடையை உருவி, பேட்டரியைப் பிடுங்கி, கேமரா பிடியில் மாட்டி, போனை ஆன் பண்ணிக் காத்திருக்கிறீர்கள். பிள்ளை அதற்குள் தெருவுக்குப் போயிருக்கும். தாடையும் உடம்பும் சேருகிற இடத்தில் இடைவெளி தெரிகிறது என்று விமர்சகர்கள் பலரும் எழுதினார்கள். அடுத்த வருடம் வந்த ஜி6இல் எல்ஜி இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வருடக்கணக்கில் நட்டம் சேர்ந்து 2021 ஏப்ரலில் போன் தொழிலையே விட்டுப் போவதாக அறிவித்தார்கள். அதற்கு ஜி5 மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

மோட்டோரோலாதான் இதைப் பக்குவமாகச் செய்தது. 2016இல் வந்த மோட்டோ இசட் 5.2 மி.மீ. கனம், முதுகின் கீழ்ப்பக்கம் 16 தங்கப் புள்ளிகள். மோட்டோ மாட்ஸ் என்ற பாகத்தைக் கிட்டே கொண்டுபோனால் காந்தம் 'டக்' என்று இழுத்துக்கொள்ளும், போனை அணைக்க வேண்டியதில்லை, எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை. ஆராவுக்கு எழுதிய கிரேபஸ்தான் இங்கேயும் உள்ளே ஓடியது. ஜேபிஎல் ஸ்பீக்கர் அமெரிக்காவில் 80 டாலர், ஹாசல்பிளாட் என்ற கேமரா கம்பெனியின் பெயர் தாங்கிய ஜூம் கேமரா 250 முதல் 300 வரை, புரொஜெக்டர் 300. இங்கேதான் வியாபாரம் இடித்தது. 80 டாலருக்கு எந்தப் போனோடும் ஒத்துப்போகிற புளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கும்போது ஒரே ஒரு மாடலின் முதுகில் மட்டும் ஒட்டுகிற ஸ்பீக்கர் எதற்கு? அந்த ஜூம் கேமரா 145 கிராம், போனே 136 கிராம்தான். போனைவிடக் கனமான பாகத்தைத் தனியாகப் பையில் தூக்கிக்கொண்டு அலைவதற்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவையே வாங்கிவிடலாம். இன்னொரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பாகங்கள் புதுப் போனிலும் பொருந்த வேண்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டதால், அடுத்தடுத்த மாடல்களில் முதுகின் அளவையும் கேமரா வட்டத்தின் இடத்தையும் நகர்த்த முடியவில்லை. மற்றவர்கள் இரண்டு கேமரா, மூன்று கேமரா என்று முதுகை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

2018இல் வந்த மோட்டோ இசட்3க்கு ஒரு 5ஜி பாகம் கொண்டுவந்தார்கள். 2019 ஏப்ரலில் வெரைசன் என்ற அமெரிக்க போன் சேவைக் கம்பெனி சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் 5ஜி தொடங்கியபோது அதில் வேலை செய்தது. உண்மையான 'அப்கிரேடு' என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய ஒரே மோட்டோ பாகம் இதுதான். இப்போது அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே 5ஜி மோடம், அதற்கான ஆன்டெனாக்கள், 2,000 எம்ஏஎச் பேட்டரி, அத்தோடு ஒரு ஸ்னாப்டிராகன் 855 ப்ராசசர். போனுக்குள் இருந்ததோ அதைவிட இரண்டு தலைமுறை பழைய 835. பாகத்தின் மூளை போனின் மூளையைவிடப் பெரியது! திரை ஒன்று ஒட்டினால் அந்தப் பாகமே ஒரு போன். 5ஜி வேண்டுமென்றவர் ஒரு போனின் முதுகில் இன்னொரு போனைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார். மோடத்தைப் பிரிக்க முடியாது என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2019இல் இசட்4உடன் அந்த வரிசை நின்றது.

கேமராவாவது தனியாக மாற்றலாமே என்பார்கள். கம்பி அளவில் முடியும், சர்வீஸ் கடையில் தினமும் கேமரா மாற்றுகிறோம். ஆனால் அதே கேமராவைத்தான். வேறு சென்சார் போட்டால் அதை இயக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும், லென்ஸின் ஓரத்தில் எவ்வளவு இருட்டுகிறது, மஞ்சள் விளக்கில் தோல் நிறம் எப்படி விழுகிறது, ஃபோகஸ் மோட்டார் எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு தூரம் என்றெல்லாம் அந்தச் சென்சாருக்கும் அந்தச் சில்லுக்கும் சேர்த்து அளந்து எழுத வேண்டும். போன் கம்பெனிகளில் இதற்கென்றே தனிக் குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கும். இன்றைய போனில் இரவில் எடுத்த படமும் நன்றாக வருகிறது என்றால் லென்ஸ் கண்ணாடிக்குப் பங்கு பாதி, சில்லில் ஓடும் கணக்குக்குப் பங்கு பாதி. பழைய சில்லில் புதுக் கேமரா என்பது சமையல்காரரை மாற்றாமல் காய்கறியை மட்டும் மாற்றுவதுதான்.

இனி கடைப்பக்கம் வாருங்கள். பஸ் விட்டால்தான் கூட்டம் வரும், கூட்டம் இருந்தால்தான் பஸ் விடுவான் என்கிற கதை இது. பாகம் செய்பவன் 'எத்தனை கோடிப் பேரிடம் அந்தப் போன் சட்டம் இருக்கிறது?' என்று கேட்பான். சட்டம் வாங்குகிறவர் 'என்னென்ன பாகம் கிடைக்கும்?' என்று கேட்பார். பிசிக்கு அந்த முடிச்சு அவிழ்ந்தது ஐபிஎம் என்ற ஒரே பெயரில். போனில் எந்தக் கம்பெனியும் மற்ற கம்பெனியின் ஸ்லாட்டை ஏற்கவில்லை. எல்ஜி பாகம் எல்ஜிக்கு, மோட்டோ பாகம் மோட்டோவுக்கு. அடுத்தது பொறுப்பு. ஐந்து கம்பெனியின் பாகங்கள் போட்ட போன் சூடாகிறது என்று வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். யார் வாரன்டி கொடுப்பது? டெஸ்க்டாப்பில் இந்தக் கூத்தை நான் பார்த்திருக்கிறேன், ரேம்காரன் போர்டைச் சொல்லுவான், போர்டுக்காரன் பவர் சப்ளையைச் சொல்லுவான். ரேடியோ சான்றிதழ் இன்னொரு தலைவலி. போன் உடம்பை ஒட்டியே இருப்பதால் எவ்வளவு கதிர்வீச்சு உடம்பில் இறங்குகிறது என்று அளந்துதான் விற்க அனுமதி தருவார்கள். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் எந்தப் பாகம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறும். பாகத்தை வாடிக்கையாளர் இஷ்டப்படி இடம் மாற்றலாம் என்றால் எத்தனை விதமாக அளப்பது?

வாங்குகிறவர்களையும் கேட்க வேண்டும், வீடியோவுக்கு லைக் போட்டவர்கள் ஏன் கடைக்கு வரவில்லை? என் அனுபவத்தில் போன் மாற்றுகிறவர்கள் ஒரே ஒரு குறைக்காக மாற்றுவதில்லை. மூன்று வருடத்தில் பேட்டரி இறங்கிவிட்டது, திரையில் ஒரு கீறல், ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, வங்கி ஆப் இந்த ஆண்ட்ராய்டில் ஓடாது என்கிறது. எல்லாம் சேர்ந்துதான் அலுப்பு வரும். அப்போது பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போகும், இல்லாவிட்டால் அம்மாவுக்குப் போகும். முழுப் போனாக இருப்பதால்தான் அது அம்மாவுக்குப் பயன்படுகிறது. கழற்றிப் போட்ட 8 மெகாபிக்சல் கேமரா பாகத்தை யாருக்குக் கொடுப்பது? அது டிராயரில்தான் கிடக்கும். மாடுலர் என்றாலே குப்பை குறையும் என்பதையும் நான் அப்படியே நம்பவில்லை. வருடத்துக்கு ஒரு கேமரா, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்பீக்கர் என்று வாங்கித் தள்ளவும் அதே வசதி இடம் கொடுக்கும்.

சரி, கம்பெனிகள் மேல் தப்பே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு கணக்கில் வருகிறது. 'மேம்படுத்துவது' ஒன்று, 'பழுது பார்ப்பது' இன்னொன்று. நான் இதுவரை சொன்ன இயற்பியல் எல்லாம் முதலாவதற்குத்தான் தடை. பேட்டரியையும் திரையையும் சுலபமாக மாற்ற விடுவதற்கு எந்த இயற்பியலும் குறுக்கே நிற்கவில்லை. 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5இல் நகத்தால் முதுகு மூடியைத் திறந்து பேட்டரியை எடுக்கலாம், ஐபி67 தரத்தில் தண்ணீரும் புகாது. மூடியின் உள்பக்கம் ஒரு மெல்லிய ரப்பர் வளையம், அவ்வளவுதான். அடுத்த வருடம் எஸ்6 கண்ணாடியும் பசையுமாக வந்தது. அழகாகத்தான் இருந்தது, விற்கவும் செய்தது. ஆனால் பேட்டரி மாற்ற ஹீட்டரும் பொறுமையும் தேவைப்பட்டன. பிறகு சில கம்பெனிகள் பாகத்தின் எண்ணை போர்டோடு ஜோடி சேர்த்து, வேறு போனிலிருந்து எடுத்த அசல் திரையைப் போட்டால்கூட எச்சரிக்கை காட்டும்படி செய்தன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இதற்கு எதிராகச் சட்டமே போட்டது. சதி என்று நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இது.

இந்த வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டது ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஃபேர்போன். 2015 கடைசியில் வந்த ஃபேர்போன் 2இல் திரையைக் கருவியே இல்லாமல் கையால் கழற்றலாம். உள்ளே கழற்ற வேண்டிய ஸ்குரூக்களைச் சுற்றி நீல வட்டம் போட்டிருப்பார்கள். 11 மி.மீ. கனம், 525 யூரோ, உள்ளே ஒரு வருடத்துக்கு மேல் பழசான ஸ்னாப்டிராகன் 801. மாடுலர் போனின் குறைகள் எல்லாம் அந்த எண்களிலேயே இருக்கின்றன. 2017இல் 8 மெகாபிக்சல் கேமராவுக்குப் பதில் 12 மெகாபிக்சல் பாகம் தனியாக விற்றார்கள். 2020இல் ஃபேர்போன் 3+ வந்தபோது அதன் 48 மெகாபிக்சல் கேமராவைப் பழைய ஃபேர்போன் 3இலும் போட்டுக்கொள்ள முடிந்தது. இது எப்படிச் சாத்தியமானது? போன், பாகம், மென்பொருள் மூன்றும் ஒரே கம்பெனி, சில்லும் மாறவில்லை, அளந்து எழுதும் வேலையை அவர்களே செய்தார்கள். ஆனால் ஃபேர்போன் 4 வந்ததும் அளவு மாறிவிட்டது. 3இன் பாகம் 4இல் ஏறாது.

ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். கையால் கழற்றும் வசதி ஃபேர்போன் 3இல் இல்லை. திரையைப் பிடித்திருப்பது 13 ஸ்டார் ஸ்குரூ. பின்னோக்கிப் போன மாதிரித் தெரியும், ஆனால் ஒருவர் போனின் ஆயுளில் திரையை ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் மாற்றப்போகிறார். அதற்காகத் தினமும் ஆடுகிற கிளிப் எதற்கு? ஸ்குரூ இறுக்கமாகப் பிடிக்கும், ஸ்குரூ டிரைவர் வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. அவர்களுக்கு உண்மையில் முதுகை ஒடித்தது பாகம் இல்லை, மென்பொருள்தான். 801 சில்லுக்கு அதைச் செய்த குவால்காம் கம்பெனி ஆதரவை நிறுத்தியபிறகும் தாங்களாகவே புது ஆண்ட்ராய்டை அதில் ஓடவைத்து 2023 மார்ச் வரை ஃபேர்போன் 2க்கு அப்டேட் கொடுத்தார்கள். ஏழு வருடத்துக்கு மேல்! இவ்வளவும் செய்து வருடத்துக்கு அவர்கள் விற்பது ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். உலகத்தில் வருடத்துக்கு நூறு கோடிக்கு மேல் ஸ்மார்ட்போன் விற்கிறது.

இனி வருமா என்று கேட்டால், ப்ராசசர் மாற்றும் போன் வராது என்பது என் கணிப்பு. ஃப்ரேம்வொர்க் என்ற லேப்டாப் 2021 முதல் இதைச் செய்கிறது, பழைய உடம்பில் புது மதர்போர்டு மாட்டலாம். அங்கேயும் மாற்றுவது முழுப் போர்டைத்தான், ஆனால் லேப்டாப்பில் போர்டை எடுத்தபின் கீபோர்டு, உடம்பு, திரை, டச்பேடு என்று காப்பாற்ற வேண்டியது நிறைய மிஞ்சும். போனில் போர்டும் பேட்டரியும் பழசு என்று எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு திரையும் ஒரு சட்டமும். பழுது பார்க்கிற பக்கம் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது, அதுவும் சட்டத்தால். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலை நிறுத்தியபின்னும் ஏழு வருடம் உதிரிபாகம் தர வேண்டும், ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட் தர வேண்டும். பேட்டரியைச் சாதாரண ஆளே மாற்றும்படி செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலக்கும் உண்டு: போன் தண்ணீர் புகாததாக இருந்து, பேட்டரி 500 முறை சார்ஜ் ஆனபின் 83 சதவீதமும் 1,000 முறைக்குப் பின் 80 சதவீதமும் கொள்ளளவு வைத்திருந்தால் பசை போட்டே விற்கலாம். பெரிய கம்பெனிகள் நகத்தால் திறக்கும் மூடியைத் திரும்பக் கொண்டுவருவதற்குப் பதில் அந்த 80 சதவீதத்தைத்தான் எட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். வாங்குகிறவருக்கு அதுவும் நட்டமில்லை என்றே சொல்வேன். சர்வீஸ் கடைக்காரனாகக் கேட்டால் பதில் வேறு.